டாங்கிக்கு எழுபத்தெட்டு

இயற்பியலில் பட்டம் வாங்கி, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த இடம் ஒரு தகரக் கொட்டகை. 'வாகனப் புகைப் பரிசோதனை நிலையம்' என்று வாசலில் பலகை தொங்கியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்த மரியாதைக்காக முதல் நாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனேன். லாரிப் புகை அளக்கும் இடத்துக்கு வெள்ளைச் சட்டையில் போகக் கூடாது என்று எங்கள் பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை.

கொட்டகைக்குள் ஒரு லாரியின் பின்னால் ஒருவர் குந்தியிருந்தார். சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகிவிட்டு, ஓட்டுநரைப் பார்த்து "மிதி" என்றார். ஓட்டுநர் மிதித்தார். என் சட்டை கறுத்தது.

"யாரு?"

"கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கேன் சார். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்."

"நிக்கிற இடத்தப் பார்த்தே நினைச்சேன். படிச்சவன்தான் சைலன்சருக்கு நேரா நிப்பான்."

பிறகு இயந்திரத்தைப் பார்த்து, "அம்பத்தொண்ணு. எல்லை அம்பது. ஃபெயில்" என்றார்.

ஓட்டுநர் இறங்கி வந்து கெஞ்சினார். "அண்ணே, ஒரே ஒரு பாயிண்டுண்ணே."

"ஒரு மார்க்லதான் நான் பத்தாங்கிளாஸ் ஃபெயிலானேன். என்ன யாராச்சும் விட்டாங்களா?"

அவருக்கு ஃபெயிலண்ணன் என்ற பெயர் ஏன் வந்தது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இருபத்திரண்டு வருடங்களாக அவர் செய்துவந்த வேலை இதுதான். குழாய் வழியாகப் புகை இயந்திரத்துக்குள் போகும். உள்ளே ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒரு லென்ஸ். விளக்கின் வெளிச்சத்தைப் புகை எவ்வளவு மறைக்கிறதோ அவ்வளவு எண். ஐம்பதுக்கு மேல் போனால் வண்டி ஊருக்கு ஆகாது. சிபாரிசு, சிநேகிதம், கண்ணீர் எதுவும் அவரிடம் செல்லாது. மனைவியின் தம்பியான சொந்த மச்சானின் வேனை மூன்று முறை ஃபெயில் போட்டிருக்கிறார். மச்சான் இப்போது பஸ்ஸில்தான் வருகிறார். அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, மாமாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸிலேயே திரும்பிப் போகிறார். "கண்ணு சொல்றது கருத்து, மிஷின் சொல்றதுதான் அளவு" என்று அண்ணன் சொல்லாத நாள் இல்லை. அதைக் கேட்டு யாரும் சமாதானமாகிப் போய் நான் பார்த்ததும் இல்லை.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் டாங்கி நுழைந்தது ஒரு பல் டாக்டரின் ஜீப் வழியாக. ஜீப் ஃபெயிலாகிவிட்டது. டாக்டர் கோபத்தில் கதவைச் சாத்தப் போனபோது, பின் இருக்கையில் ஒரு முழ நீளத்தில் பச்சை நிற ராணுவ டாங்கி உட்கார்ந்திருந்ததை அண்ணன் பார்த்துவிட்டார்.

"பொம்மைங்களா?"

"பொம்மை இல்லய்யா, மாடல். ரிமோட்ல ஓடும். நிஜ டாங்கியில என்னென்ன இருக்கோ எல்லாம் இருக்கும். புகைகூட வரும்."

"புகை வருமா?"

ஃபெயிலானவருக்கும் தன் பெருமையைக் காட்ட ஒரு வாய்ப்பு வேண்டுமல்லவா? டாக்டர் ரிமோட்டை அழுத்தினார். டாங்கி உறுமியது, பின்பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. டாக்டர் பல் தெரியச் சிரித்தார். புகை வந்ததற்காக ஒரு வண்டிக்காரர் சிரிப்பதை அண்ணன் அன்றுதான் பார்க்கிறார். அடுத்த மாதமே, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து பழைய டாங்கி ஒன்றை வாங்கிவிட்டார்.

டாக்டர்தான் மாடல் டாங்கிக் கழகத்தின் செயலாளர். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருந்த மணல் திடலில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். ஓய்வு பெற்ற விமானி ஒருவர், பளிங்குக்கல் வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி இருவர், இன்னும் சில பெரிய மனிதர்கள். எல்லோரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், மணலில் முட்டி போட்டு வாயால் 'டுமீல்' சொல்கிறவர்கள். நிஜப் படையில் சேர்வதற்குக்கூட இத்தனை விதிமுறை இருக்காது. ஒரு வருடம் விருந்தினராக வர வேண்டும். ஆண்டு விழா அன்று தன் டாங்கியைத் தானே ஓட்டிக் காட்ட வேண்டும். மேடு ஏற வேண்டும், பீரங்கி திரும்ப வேண்டும், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் நடுவர்களுக்குப் பதினைந்து நிமிடம் விடாமல் புகை தெரிய வேண்டும். தேறினால் உறுப்பினர். இல்லையென்றால் கிடையாது, விருந்தினராக ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு.

"இதுல போய் என்னண்ணே இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

அவர் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இருபத்திரண்டு வருஷமா நான் எந்தப் பக்கம் போனாலும் மூஞ்சியத் திருப்பிக்கிறானுங்க தம்பி. டீக்கடையில நான் உக்காந்தா நாலு டிரைவர் எந்திரிச்சுப் போறான். அங்க போனா நாற்காலி போடுறாங்க."



மேடும் பீரங்கியும் அவருக்குப் பிரச்சினையாக இல்லை. புகைதான் பிரச்சினை. வாங்கியபோது அந்த டாங்கி விட்டது, ஊதி அணைத்த தீக்குச்சி விடும் புகை. அதுவும் சளி பிடித்த தீக்குச்சி. டாங்கியின் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் எண்ணெயில் ஊறிய திரி, திரியைச் சுற்றிச் சூடேறும் கம்பிச்சுருள். கம்பி சுட்டால் எண்ணெய் புகையாகும், ஒரு குட்டி ஃபேன் அதைப் பின்னால் தள்ளும். அவ்வளவுதான் விஞ்ஞானம். இதை என்னால் மூன்று சமன்பாடுகளில் எழுத முடியும். எழுதியும் கொடுத்தேன். அவர் அந்தத் தாளில் திரியைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் எண்ணெயை நிறைய ஊற்றிப் பார்த்தார். திரி மூழ்கிப்போய், புகைக்குப் பதில் எண்ணெய் கொப்பளித்துத் துப்பியது. பிறகு பெரிய பேட்டரி வைத்தார். ஆறு நிமிடம் பிரமாதமாகப் புகைந்தது. ஏழாவது நிமிடம் புகைந்தது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அந்த நேரத்தில்தான் பட்டதாரி ஆலோசனை தேவைப்பட்டது. "காத்து பத்தலண்ணே. பெரிய ஃபேன் போடுங்க. காத்து கூடினா புகை கூடும்" என்றேன். போட்டார். புகை வந்தது, வந்த வேகத்தில் கரைந்தும் போனது, தேர்வு முடிந்த மறுநாள் நான் படித்ததெல்லாம் கரைந்துபோன மாதிரி.

அண்ணன் வெகுநேரம் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டதாரி, எந்த வண்டி ரொம்பப் புகை விடும்?"

"பழைய வண்டி."

"இல்ல. மூச்சு முட்டுன வண்டி. ஏர் ஃபில்டர் அடைச்சுக்கிட்ட வண்டி."

ஃபேனின் வாயில் மூன்றில் இரண்டு பங்கை டேப் போட்டு மூடினார். லாரி எஞ்சினுக்கும் எண்ணெய்த் திரிக்கும் சம்பந்தமே இல்லை, அங்கே காரணம் வேறு, இங்கே காரணம் வேறு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே அந்த அறையில் என்னைக் காணவில்லை. அவ்வளவு புகை.

அதிலிருந்து அவர் வழி தெளிவாகிவிட்டது. ஒரு வண்டி ஏன் ஃபெயிலாகும் என்று இருபத்திரண்டு வருடங்களாக ஓட்டுநர்களுக்குச் சொல்லிவந்த பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். எதையெல்லாம் செய்யாதே என்றாரோ அதையெல்லாம் டாங்கிக்குச் செய்தார். நீண்ட குழாயில் புகை குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டியதால், குழாயை விரற்கடை அளவுக்கு வெட்டினார். புகைப்பெட்டிக்குத் தனியாக ஒரு பேட்டரி கொடுத்தார். வேகம் கூட்டினால் ஃபேனும் வேகமாகச் சுழலும்படி கம்பி இழுத்தார். மேடு ஏறும்போது டாங்கி மூச்சிரைத்து ஊதியது. எண்ணெயில் மட்டும் நாற்றம் தாங்க முடியவில்லை. பதினோரு வகை எண்ணெயை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் கைக்குழந்தைகளுக்கு உடம்பில் தடவுகிற எண்ணெய்க்கு வந்து சேர்ந்தார். தெளிவான வெள்ளைப் புகை, இதமான வாசனை.

வீட்டில் இதம் இல்லை.

"ஏங்க, ஊர் வண்டி எதுவும் புகை விடக் கூடாதுன்னுதானே உங்களுக்குச் சம்பளம்? வீட்டுக்குள்ள இது என்ன?" என்றார் அவர் மனைவி.

"அது கெட்ட புகைம்மா. இது நல்ல புகை."

"என் திரைச்சீலைக்கு அந்த வித்தியாசம் தெரியலையே."

அதே வாரம் பக்கத்து வீட்டுக்கார அம்மா கைப்பிடி அளவில் ஒரு சட்டையைக் கொண்டுவந்து, "குழந்தை வாசனை தெருவரைக்கும் வருது, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் இருந்த ஒரே மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. அந்தக் குட்டிச் சட்டையை வைத்து அன்று மாலை நடந்த உரையாடலை நான் எழுதப் போவதில்லை.

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மதியம். சாப்பாட்டு நேரம், கொட்டகையில் வண்டி இல்லை. அண்ணன் பையிலிருந்து டாங்கியை எடுத்தார்.

"நல்லாத்தாண்ணே புகையுது. பத்தடி என்ன, தெருமுனையிலிருந்தே தெரியும்" என்றேன்.

"அது உன் கண்ணு சொல்லுது. கண்ணு சொல்றது கருத்து."

எனக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் டாங்கி ஓட்டுகிற வேறு யாருக்கும் வராத யோசனை. இயந்திரத்தின் குழாயை டாங்கியின் பின்னால் பிடித்தார். மென்பொருள் வண்டி எண் கேட்டது. நான்கு பூஜ்யங்களைத் தட்டியவை சாட்சாத் என் பட்டதாரி விரல்கள். பதினைந்து நிமிடம் முழுதாக ஓட்டினார். எண் எழுபதுக்குக் கீழே இறங்கவேயில்லை, கடைசியில் எழுபத்தெட்டு.

"ஃபெயிலு!" என்று கத்தினார். "தம்பி, ஃபெயிலுடா!"

அந்தச் சொல்லை அவர் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். முடிவுச் சீட்டை அச்செடுத்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு வண்டிகள் வர ஆரம்பித்தன. முதல் வண்டி ஃபெயில். இரண்டாவது ஃபெயில். ஐந்தாவது, ஆறாவது, எட்டாவது எல்லாமே ஃபெயில். "ஊர்ல டீசல்ல எவனோ விளையாடுறான்" என்றார் அண்ணன். "இருக்கும்ணே" என்றேன் நான். இயற்பியல் படித்தவன் ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது தவறு நடக்க வாய்ப்பு உண்டா?

கடைசியாக, பதினோராவதாக வந்தது ஒரு பள்ளிக்கூட வேன். ஓட்டிவந்த அக்கா குழந்தைகளை வீட்டில் இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். எண் அறுபத்தாறு.

"என்னண்ணே சொல்றீங்க? வண்டி வாங்கி மூணு மாசம் ஆகல. சீட்டு கவர்கூட இன்னும் பிரிக்கல, வந்து பாருங்க."

"மிஷின் சொல்றதுதான்மா அளவு."

"மிஷினுக்கே கண்ணு அவிஞ்சு போயிருந்தா?"

"அப்படியெல்லாம் ஆகாது."

"ஆகாது, ஆகாது! திங்கக்கிழமை காலையில சர்ட்டிபிகேட் இல்லாம வண்டிய வெளிய எடுக்க முடியாது. இருபது பிள்ளைங்கள உங்க மிஷின்மேல ஏத்தி அனுப்பட்டா?"

அவர் சீட்டை வாங்கிக் கசக்கிக்கொண்டு போனார். மாலை ஐந்தரைக்குக் கொட்டகையைச் சாத்தும் முன், அண்ணன் வழக்கம்போல இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். திறந்தவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"தம்பி, இங்க வா."

நானும் மோந்து பார்த்தேன். டீசல் நாற்றம் மட்டுமே தெரிந்த அந்தக் கொட்டகையில், குளிப்பாட்டித் துடைத்த கைக்குழந்தையின் வாசனை. லென்ஸ் முழுக்க எண்ணெய்ப் படலம். மதியத்திலிருந்து அந்த இயந்திரம் அளந்தது எந்த வண்டியின் புகையையும் இல்லை; அதன் கண்ணில் படிந்திருந்த எங்கள் டாங்கியைத்தான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னோம். முதலாளி பதறவேயில்லை. அனுபவசாலி.

"லென்ஸ்ல எண்ணெய்னு யாருக்குய்யா தெரியும்? நாளைக்கு சர்வீஸ் ஆள் வந்து துடைச்சு சீல் வெச்சிடுவான். அவங்க மெக்கானிக்கிட்ட தட்டிக்கொட்டிட்டுத் திங்கக்கிழமை வரட்டும், பாஸ் போடு. மெக்கானிக் நல்ல பேர் வாங்கிட்டுப் போறான், நமக்கென்ன?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த நாலு பூஜ்யத்த மட்டும் அழிச்சிடு."

"அழிக்க வேணாம்" என்றார் அண்ணன். "பதினோரு பேரையும் ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை உனக்கு என்னமோ விழான்னு லீவு கேட்டியே?"

அண்ணன் பதினோரு சீட்டின் நகல்களையும் எடுத்து அடுக்கினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை டெஸ்ட்ட நான் பார்த்துக்கிறேண்ணே, நீங்க போங்க" என்றேன். முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட அரசாங்க அனுமதி அட்டை வேண்டும். அது அவரிடம்தான் இருந்தது. என்னிடம் இருந்தது பட்டம். டாங்கியை நான் கொண்டுபோய் ஓட்டலாம் என்றாலும், விருந்தினர் தன் கையால்தான் ஓட்ட வேண்டும் என்று கழகத்து விதி. சனிக்கிழமை இயந்திரத்தைப் பிரித்து வைத்திருப்பார்கள். திங்கட்கிழமை விடிந்தால் வேன் போக வேண்டும், இரண்டு லாரிகள் வெளியூர் லோடு ஏற்ற வேண்டும்.

சனிக்கிழமை காலை பல் டாக்டருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், ஞாயித்துக்கிழமை என்னைக் கடைசியா வெச்சுக்க முடியுங்களா? ரெண்டு மணி ஆயிடும்."

"பன்னெண்டுக்கு நடுவர்லாம் சாப்பிடப் போயிடுவாங்களேப்பா. விதின்னு ஒண்ணு இருக்குல்ல? உனக்குத் தெரியாதா விதி? நீதானே என் ஜீப்புக்கு ரெண்டு பாயிண்டு விட மாட்டேன்ன ஆளு."

"ஆமாங்க சார்" என்று வைத்துவிட்டார். பிறகு அடுத்தடுத்துப் பதினோரு போன். தானே பேசினார். பதினோரு பேரும் திட்டினார்கள். அதில் நான்கு பேர் திட்டிய விதம் எங்கள் ஊர்ச் சந்தையில்கூட நான் கேட்காதது.

அன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி கறை படிந்த திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். விழா முடியட்டும் என்று ஆறு மாதமாகக் கழற்றாமல் வைத்திருந்ததாம்.

"ஒரு வருஷமா வீட்ட எண்ணெய்ச் செக்கா ஆக்கினது இந்த ஒரு நாளைக்குத்தானே? அந்த ஓனரே விடுன்னு சொல்றாரு, உங்களுக்கு என்ன வந்துது?"

"பதினோரு சீட்டுல என் கையெழுத்து இருக்குல்ல."

"என் தம்பி வேனுக்கும்தான் கையெழுத்துப் போட்டீங்க, மூணு வாட்டி."

"அது நிஜமாவே ஃபெயிலும்மா."

அந்த அம்மா திரைச்சீலையால் அவரை ஒரு அடி போட்டுவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு ஒன்பது மணிக்குக் கொட்டகைக்கு வெளியே வண்டிகள் வரிசையில் நின்றன. இருபத்திரண்டு வருடத்தில் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர் அண்ணன். அதையும் பரிசோதனை முடிவு வாசிப்பது போலவே வாசித்தார்.

"வெள்ளிக்கிழமை உங்க வண்டிக்கு ஃபெயில் போட்டது தப்பு. காரணம் லென்ஸ்ல எண்ணெய். எண்ணெய் என்னோடது."

"என்ன எண்ணெய்ணே?" என்றார் ஒரு லாரி ஓட்டுநர்.

"குழந்தைக்குத் தடவுறது."

வரிசை முழுக்க எழுந்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. "எதுக்குண்ணே, லாரிக்குச் சளி பிடிச்சிருந்துச்சா?" என்றார் ஒருவர். "பவுடரும் போட்டு விட்டிருக்கலாம்ல" என்றார் இன்னொருவர். அண்ணன் குந்தி உட்கார்ந்து குழாயைச் செருகினார். "மிதி" என்றார்.

பள்ளிக்கூட வேன் பதினெட்டு, பாஸ். அந்த அக்கா சீட்டை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "போன் பண்ணிக் கூப்பிட்டீங்க பாருங்க, அது போதும்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வரிசையாகப் பாஸ். பத்தாவதாக வந்த பழைய லாரிக்கு ஐம்பத்தேழு. மறுபடி பார்த்தார், ஐம்பத்தேழு.

"ஃபெயில்."

ஓட்டுநருக்கு நம்ப முடியவில்லை. "யோவ், இப்பத்தானேய்யா மன்னிப்புக் கேட்ட!"

"கேட்டேன். மன்னிப்பு வேற, புகை வேற."

"அதுக்காகவாச்சும் ஒரு..."

"வெள்ளிக்கிழமை போட்டது பொய் ஃபெயில். இது நிஜ ஃபெயில். ஏர் ஃபில்டர மாத்திட்டு வா."

கடைசி வண்டியும் நிஜமாகவே ஃபெயில். ஒன்பது பாஸ், இரண்டு ஃபெயில். முடிந்தபோது மணி ஒன்றே முக்கால். டாங்கி என் மேசைக்கு அடியில் பைக்குள் இருந்தது. ஒருவேளை சீக்கிரம் முடிந்துவிட்டால் என்று காலையிலேயே கொண்டுவந்திருந்தார். "ஒரு எட்டு போய்ப் பார்க்கலாமாண்ணே?" என்றேன். "நாற்காலியெல்லாம் மடக்கியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை போக்குவரத்து அலுவலகத்துக்கு அவரே ஒரு கடிதம் எழுதினார். நான்கு பூஜ்யச் சீட்டை அதோடு இணைத்தார். மொழிநடையை மட்டும் நான் திருத்திக் கொடுத்தேன். பட்டம் ஒரு வழியாகப் பயன்பட்டது. அவர்கள் அவருடைய அனுமதி அட்டையை இரண்டு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டவரை என்ன செய்வது என்று அந்த அலுவலகத்துக்கும் முன்அனுபவம் இருந்திருக்காது. இரண்டு மாதமும் அவர் கொட்டகைக்கு வந்து வண்டிகளை வரிசையில் நிறுத்தினார். வேறு நிலையத்திலிருந்து வந்த ஆள் கையெழுத்துப் போட்டார்.

அட்டை திரும்பி வந்த அன்று இயந்திரத்துக்கு மேலே அவர் கையாலேயே ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டினார்: 'பரிசோதனைக் கூடத்துக்குள் பொம்மை வாகனங்களுக்கு அனுமதி இல்லை.' புதிதாக வருகிற ஓட்டுநர்கள் அதைப் படித்துவிட்டு எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நாங்கள் விளக்குவதில்லை.

நான் இப்போது வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். அவர் அதே கொட்டகையில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை வண்டிகளைச் சோதிக்கிறார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. மாடல் டாங்கிக் கழகத்தில் அவர் உறுப்பினர் இல்லை. இனி ஆகவும் முடியாது. டாங்கியை ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் ஓட்டுகிறார். பதினைந்து நிமிடம் விடாமல் புகைகிறது.